பச்சை டிக்கை விடுங்கோ, தண்ணியைத் தொட்டுப் பாருங்கோ



போன எபிசோடில் வீட்டுக்குள் வைக்கும் ஸ்மார்ட் தோட்டப் பெட்டிகளைப் பற்றிக் கதைத்தோம். "விதையைப் போடுங்கோ, தண்ணியை ஊத்துங்கோ, மிச்சத்தை ஆப் பார்த்துக்கொள்ளும்" என்று அதில் ஒரு வசனம் வந்தது. அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வந்த மின்னஞ்சல்களைப் பார்த்தபோது சொல்லியிருக்க வேண்டும் என்று பட்டது. மஞ்சள் இலைப் படங்கள், பழுப்பு வேர்ப் படங்கள். கூடவே "எனக்கு இதெல்லாம் சரிவராது போல" என்ற ஒரே வசனம், வேறு வேறு ஆட்களிடம் இருந்து.

அந்த வசனத்தை நான் ஏற்கனவே என் வீட்டில் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இந்த வாரக் கடிதம் கொஞ்சம் நீளம்.

என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். ஆரம்பக்காரரின் ஹைட்ரோபோனிக் தோட்டம், அதாவது மண் இல்லாமல் சத்துக் கரைசலில் வளர்க்கும் தோட்டம், செத்துப்போவதற்குக் கைராசி காரணம் இல்லை. சத்துப் போத்தல் குறைவாக வாங்கியதும் அநேகமாகக் காரணம் இல்லை. பெட்டி எதை அளக்கிறதோ அதை மட்டும் நாங்கள் பார்க்கிறோம். பிரச்சினை பெட்டி அளக்காத இடத்தில் இருக்கிறது. ஆகவே ஆரம்பக்காரருக்கு முதலில் தேவை ஒரு வெப்பமானி, இரண்டு சின்ன மீட்டர், ஒரு கொப்பி. ஆப் அதற்குப் பிறகுதான்.

இக்காஸ்டில் நடந்தது

நாங்கள் இருப்பது டென்மார்க்கில், யூலண்டின் நடுவில், இக்காஸ்ட். ஹேர்னிங்குக்குப் பக்கத்து ஊர். இந்தப் பக்கத்துத் தமிழர் வீடுகளில் கோடை வந்தால் கண்ணாடிக் கூடாரத்துக்குள் மிளகாயும் தக்காளியும் வைப்பார்கள். செப்டம்பரோடு அது முடிந்துவிடும். அம்மா சொந்த வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்கு மாறினபோது அந்தக் கூடாரமும் போய்விட்டது. அவவுக்குப் பெரிய கவலை வல்லாரை. ஹேர்னிங்கில் தெரிந்த ஒரு அக்காவிடம் இருந்து ஒரு கொடி வாங்கி, வருடக்கணக்காகக் காப்பாற்றி வைத்திருந்தா.

"ஊரில இருந்து கொண்டுவரலாம்தானே" என்று லேசாகச் சொல்ல முடியாது. 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியில் இருந்து வரும் பயணி, தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் செடி, நடுகிற விதை, பழம், இலைக்கறி எதையும் பொதியில் கொண்டுவரக் கூடாது. விலக்கு ஐந்தே ஐந்துக்குத்தான்: அன்னாசி, தேங்காய், துரியான், வாழைப்பழம், பேரீச்சம்பழம். வல்லாரை அதில் இல்லை. கறிவேப்பிலையும் இல்லை. ஆகவே இங்கே ஒருவரிடம் இருக்கும் கொடி அருமையானது.

ஓகஸ்டில் நான் ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். பன்னிரண்டு துளை, பத்து லிட்டர் தொட்டி, பம்ப், எல்.ஈ.டி. லைட், ஆப். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, மற்றப் பெட்டிகளும் இதே மாதிரித்தான். சலவை மெஷின் இருக்கும் சின்ன அறையில், தரையில் வைத்தோம். வல்லாரை, கொத்தமல்லி, புதினா. செப்டம்பர் முழுக்க அமோகம். அம்மா பிராண்டே அபிராமி அம்மன் கோவிலுக்குப் போகும்போது பைக்குள் கொத்தமல்லிக் கட்டு கொண்டுபோனா.

ஒக்டோபர் கடைசியில் எல்லாம் வாடத் தொடங்கியது. நான் அப்போது கொன்ட்ராக்ட் வேலைக்காகக் கிழமை நாட்களில் கோபன்ஹேகனில். அங்கிருந்து ஆப்பைத் திறந்து பார்ப்பேன். தண்ணீர் மட்டம்: பச்சை டிக். லைட்: பச்சை டிக். பம்ப்: பச்சை டிக்.

"அம்மா, இஞ்ச எல்லாம் சரியாத்தான் காட்டுது."

"தண்ணி ஒரு மாதிரி மணக்குது தம்பி."

"அது சத்துத் தண்ணி, அப்பிடித்தான் மணக்கும்."

"அப்ப எனக்குத்தான் கை ராசி இல்லப் போல."

இந்த உரையாடலை நினைத்தால் இப்பவும் வெட்கம். வேலையில் இதையே ஒரு வாடிக்கையாளர் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? "எங்கட டாஷ்போர்ட் பச்சை, அதனால் பிழை உங்களில்" என்று சொல்லியிருப்பேனா? சர்வர் பிங்குக்குப் பதில் சொல்லும், ஆனால் ஒருத்தருக்கும் லொகின் பண்ண ஏலாது. அப்படி எத்தனை இரவு பார்த்திருக்கிறோம். ஆனால் அம்மாவிடம் நான் டாஷ்போர்ட்டைத்தான் நம்பினேன்.

நான் செய்த மூன்று பிழைகள்

முதல் பிழை, ஊகம். குளிர்காலம் வந்தது, செடி வாடியது, ஆகவே வெளிச்சம் போதவில்லை. கேட்க நல்லாத்தான் இருக்கு. டிசம்பர் நடுவில் இக்காஸ்டில் பகல் ஏறக்குறைய ஏழு மணித்தியாலம். யாழ்ப்பாணத்தில் அதே நாளில் பதினொன்றரை. ஆனால் அந்த அறையில் ஜன்னலே இல்லை! ஓகஸ்டிலும் ஒக்டோபரிலும் செடிக்குக் கிடைத்தது அதே எல்.ஈ.டி. வெளிச்சம்தான். அதை யோசிக்காமல் லைட்டைப் பதினெட்டு மணித்தியாலத்துக்கு ஏற்றினேன். ஒன்றும் மாறவில்லை.

இரண்டாவது பிழை, அலகு. இலை மஞ்சள், ஆகவே சத்துப் போதாது என்று ஒரு மலிவு மீட்டர் வாங்கினேன். இணையத்தில் கிடைத்த அட்டவணையில் கொத்தமல்லிக்கு 1,120 பி.பி.எம். என்று இருந்தது. மீட்டர் 1,120 காட்டும் வரை ஊற்றினேன். இரண்டு நாளில் இலை நுனிகள் எல்லாம் கருகிவிட்டன. ஏன் என்று கீழே வருகிறேன்.

மூன்றாவது பிழைதான் பெரிது. ஆத்திரத்தில் ஒரு சனிக்கிழமை எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினேன். பழைய தண்ணியை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணி, புதுச் சத்து, அமிலத்தன்மை திருத்தம், புது நாற்று. ஒரு கிழமை நன்றாகத் தெளிந்தது. பிறகு திரும்பவும் வாட்டம். அந்த ஒரு கிழமைத் தெளிவில் முழு விடையும் இருந்தது. நான்கை ஒன்றாக மாற்றியதால், எது வேலை செய்தது என்று எனக்குத் தெரியவில்லை. கணினி விஞ்ஞானம் படித்த ஒருத்தன் செய்கிற வேலையா இது?

அம்மா கண்டுபிடித்தது

நவம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா உடுப்புத் தோய்க்கப் போனவா, வெறுங்காலோடு நின்றுகொண்டு கூப்பிட்டா.

"தம்பி, இந்தத் தரை சுடுதடா. அந்தப் பெட்டியும் இதுக்கு மேலதானே இருக்கு?"

மூடியைத் திறந்து விரலை விட்டா. "இது குளிக்கிற தண்ணி மாதிரி இருக்கு."

டெனிஷ் வீடுகளில் தரைக்குக் கீழே சுடுதண்ணிக் குழாய் போட்டுச் சூடாக்குவார்கள், குல்வார்ம என்று சொல்வது. முக்கியமாகக் குளியலறையிலும் சலவை அறையிலும். ஓகஸ்டில் அது ஓடாது. ஒக்டோபரில் குளிர் தொடங்கத் தானாக ஓடத் தொடங்கும். இறைச்சிக்கு வைக்கும் சமையல் வெப்பமானியைத் தொட்டிக்குள் விட்டேன். 27 பாகை. ஒரு வேரை இழுத்துப் பார்த்தால் பழுப்பு, வழுவழுப்பு, கையோடு தோல் உரிந்து வந்தது. வேர் அழுகல்.

அன்றைக்கு ஒரே ஒரு மாற்றம் செய்வதென்று முடிவெடுத்தோம். பெட்டியை ஒரு மர முக்காலியில், கீழே ரெஜிஃபோம் துண்டு வைத்துத் தூக்கினோம். தொட்டியை வெறுமையாக்கி மூன்று வீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டால் கழுவி, நல்ல தண்ணியில் அலசினோம். அது துப்புரவு. சத்து, லைட், எல்லாம் பெட்டியோடு வந்த பழைய அளவுக்கே போனது. வல்லாரையில் உயிரோடு மிஞ்சினது ஒரு கணு. அதையே திரும்ப வைத்தோம்.

தண்ணீர் 21 பாகைக்கு இறங்கியது. மூன்று கிழமையில் வெள்ளை வேர் வந்தது.

உண்மையில் காரணம் அதுதானா என்று உறுதிப்படுத்தப் பெட்டியைத் திரும்பத் தரையில் வைத்துப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். "உன்ர வேலைத்தலத்தில போய் வைச்சுப் பார்" என்றா அம்மா.

சூடு ஏன் இவ்வளவு முக்கியம்

செடியின் வேருக்கும் மூச்சு உண்டு. மண்ணில் துகள்களுக்கு இடையில் காற்று இருக்கும். தண்ணீரில், கரைந்த ஒட்சிசன் மட்டும்தான். 20 பாகைத் தண்ணீர் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும். 27 பாகையில் அது 8. வித்தியாசம் சின்னது மாதிரித் தெரியும். ஆனால் அதே சூட்டில் வேர் கூடுதலாக மூச்சு விடும், கிருமிகளும் வேகமாகப் பெருகும், வேரழுகலைத் தரும் பித்தியம் வகை உட்பட. வரவு குறைய, செலவு கூட. பிறகு வேர் அழுகும். அழுகின வேர் தண்ணி உறிஞ்சாது. ஆகவே தொட்டி நிறையத் தண்ணி இருக்கச் செடி வாடும்.

இதுதான் ஆரம்பக்காரரை ஏமாற்றும் அடையாளம். வாடின செடிக்குத் தண்ணி போதாது என்றுதான் எங்கட தலைக்குள் இருக்கு. தண்ணி மட்டம் பச்சை டிக் என்றால், பிறகு குறை யாரில்? எங்களில் என்று நினைக்கிறோம்.

கரைசல் 18 முதல் 22 பாகை வரை இருப்பது நல்லது. குல்வார்ம உங்களிடம் இல்லாவிட்டாலும் ரேடியேட்டருக்குப் பக்கம், ஃபிரிட்ஜுக்கு மேல், மூழ்கிய பம்ப் எல்லாம் சூடாக்கும். சென்னையிலோ கொழும்பிலோ இருந்தால் இது வருடம் முழுவதுமான பிரச்சினை. அங்கே தொட்டியை நிழலில், வெள்ளை நிறத்தில், கொஞ்சம் பெரிதாக வையுங்கோ. பெரிய தொட்டி மெதுவாகத்தான் சூடேறும். காற்றுக்கல் ஒன்று போடுங்கோ, மீன்தொட்டிக்குப் போடுகிற அதே சாமான்.

வேர் பழுப்பாக இருந்தாலே அழுகல் என்றும் இல்லை. சில சத்துக் கரைசல்கள் சாயம் பிடிக்கும். வழுவழுப்பும் கெட்ட மணமும் சேர்ந்தால் அழுகல். மணம் இல்லை, வேர் இறுக்கம் என்றால் பயமில்லை. மூக்கும் விரலும்தான் இங்கே சென்சர்.

மஞ்சள் இலை: எந்த இலை?

வந்த மின்னஞ்சல்களில் பாதி இதுதான். "இலை மஞ்சள், என்ன சத்துப் போட?" முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மஞ்சள் கீழே உள்ள பழைய இலையிலா, மேலே வரும் புதுக் குருத்திலா?

நைட்ரஜன், மக்னீசியம் போன்றவற்றைச் செடி பழைய இலையில் இருந்து கழற்றிப் புதிய இலைக்கு அனுப்ப முடியும். ஆகவே அவை குறைந்தால் கீழ் இலை முதலில் மஞ்சளாகும். இலை முழுவதும் வெளிறினால் நைட்ரஜன், நரம்பு பச்சையாக இருக்க இடைவெளி மஞ்சளானால் மக்னீசியம் என்று தொடங்கலாம். இரும்பை அப்படி நகர்த்த முடியாது. அது குறைந்தால் குருத்து மஞ்சளாகும், நரம்பு பச்சையாக நிற்கும்.

இரும்பு விஷயத்தில்தான் பொறி இருக்கிறது. தொட்டிக்குள் இரும்பு இருக்கும். ஆனால் பி.எச். ஏறிவிட்டால் அது வேர் எடுக்க முடியாத வடிவத்துக்குப் போய்விடும். செடிக்கு வசதியான எல்லை 5.5 முதல் 6.5 வரை. 7க்கு மேல் போனால், எவ்வளவு இரும்பு ஊற்றினாலும் பிரயோசனம் குறைவு. பி.எச். மடக்கை அளவு என்பது எங்கட வாசகர்களுக்குத் தெரியும். 6க்கும் 7க்கும் இடையில் பத்து மடங்கு. "ஒன்றுதானே கூட" என்று விடக்கூடாது.

டென்மார்க்கில் குடிநீர் நிலத்தடி நீர். அதில் சுண்ணாம்புச் சத்து உண்டு, அது பி.எச்.சை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். கோபன்ஹேகன் பக்கத்து நிலத்தடி நீர் மிகவும் கடினம், நடு யூலண்டிலும் மேற்கிலும் அதை விட மென்மை. உங்கள் தண்ணீர் நிறுவனம் கடினத்தன்மையை இணையத்தில் போட்டிருக்கும், பாருங்கோ. கோபன்ஹேகனில் இருக்கும் மச்சான் சொன்ன அளவு இக்காஸ்டுக்குச் சரிவராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பி.எச். இறக்க பொஸ்பரிக் அமிலக் கரைசல் விற்கும். கையுறை போட்டு, துளித்துளியாக. எலுமிச்சை அமிலமும் இறக்கும், ஆனால் நுண்ணுயிர் அதைத் தின்றுவிடும், இரண்டு நாளில் பி.எச். பழையபடி ஏறும்.

என்னுடைய 1,120

இப்போது அந்தக் கருகின கொத்தமல்லி. தண்ணீரில் எவ்வளவு உப்புக் கரைந்திருக்கு என்பதை மீட்டர் நேரடியாக அளப்பதில்லை. மின் கடத்துதிறனை, இ.சி.யை அளக்கிறது. பிறகு ஒரு எண்ணால் பெருக்கி பி.பி.எம். என்று காட்டுகிறது. அந்தப் பெருக்கும் எண் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. சில மீட்டர்கள் 500 ஆல் பெருக்கும், சில 700 ஆல்.

நான் பார்த்த அட்டவணை 700 அளவில். 1,120 என்றால் இ.சி. 1.6. என் மீட்டர் 500 அளவில். அதில் 1,120 என்றால் இ.சி. 2.24. நாற்பது வீதம் கூட. ஏற்கனவே வேர் அழுகின செடிக்கு அது தாங்குமா?

நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஓர்பிட்டர் 1999இல் செவ்வாயில் அழிந்ததும் அலகுப் பிழையால்தான். ஒரு மென்பொருள் பவுண்டில் கொடுத்ததை மற்றது நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. எனக்குப் போனது கொத்தமல்லி. ஆகவே பி.பி.எம். என்ற சொல்லையே மறந்துவிடுங்கோ. இ.சி.யில் எழுதுங்கோ, இ.சி.யில் கேளுங்கோ. நாற்றுக்கு 0.5 அளவில் தொடங்கலாம், கீரை வகைக்கு 1 முதல் 1.6 வரை, காய்க்கும் மிளகாய்க்கு 2 பக்கம். சத்து ஊற்ற முன்னம் வெறும் குழாய்த் தண்ணியின் இ.சி.யை ஒருதரம் அளந்து எழுதி வையுங்கோ. அது பூச்சியமாக இருக்காது.

இதோடு சேர்ந்த இன்னொரு பிழை: தண்ணி குறைந்தால் திரும்பவும் சத்துக் கரைசலை ஊற்றுவது. செடி தண்ணியை வேகமாக எடுக்கும், ஆவியாகவும் போகும், உப்பு பின்னுக்கு நிற்கும். இ.சி. ஏறியிருந்தால் வெறும் தண்ணி விடுங்கோ. இறங்கியிருந்தால்தான் சத்து.

மற்றவை, சுருக்கமாக

நாற்று நூல் மாதிரி நீண்டு சரிந்தால் வெளிச்சம் தூரம். லைட்டைக் கிட்ட இறக்குங்கோ. முளை தெரிந்த அன்றே லைட் வேண்டும், ஒரு நாள் பிந்தினாலும் நீளும். கீரைக்கு 14 முதல் 16 மணித்தியாலம் போதும்.

டென்மார்க்கில் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 20 வாட் லைட் 16 மணித்தியாலம் எரிந்தால் நாளுக்கு 0.32 யூனிட், மாதம் 9.6. யூனிட் இரண்டரை குரோனர் என்று வைத்தால் 24 குரோனர். இங்கே மின்வலைக் கட்டணம் மாலை 5 முதல் 9 வரை மிகக் கூட, குளிர்காலத்தில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். டைமரை இரவு 9இல் தொடங்கி அடுத்த நாள் மதியம் 1இல் நிற்பாட்டினால் செடிக்கு அதே 16 மணித்தியாலம், உங்களுக்கு விலை கூடின நேரம் தப்பும். செடிக்கு வெளியில் இரவா பகலா என்பது பிரச்சினை இல்லை. வரவேற்பறையில் வைத்திருந்தால் உங்களுக்குத்தான் பிரச்சினை.

தொட்டிக்குள் பச்சைப் பாசி வந்தால் வெளிச்சம் உள்ளே போகிறது. வெறும் துளைகளை மூடுங்கோ, கண்ணாடிப் போத்தல் என்றால் கறுப்புத் துணி சுற்றுங்கோ. மருந்து வேண்டாம்.

குளோரின். "குழாய்த் தண்ணியை ஒரு இரவு திறந்து வையுங்கோ" என்று எல்லா வீடியோவிலும் வரும். டென்மார்க்கில் பெரும்பாலும் குழாய்த் தண்ணியில் குளோரின் போடுவதே இல்லை, ஆகவே அந்த இரவு வீண். டொரொண்டோவில் இருக்கும் வாசகர்களுக்கு வேறு கதை. அங்கே போடுவது குளோரமின், அது ஒரு இரவில் போகாது. ஒரே அறிவுரை, ஒரு ஊரில் தேவையில்லை, மற்ற ஊரில் போதாது.

பம்ப் இல்லாத போத்தல் முறை. ஹவாய் பல்கலைக்கழகத்தில் கிராட்கி என்பவர் வளர்த்தெடுத்தது. தண்ணி இறங்க இறங்க மேல் வேர் காற்றில் நிற்கும், அதுதான் அதன் மூச்சு. பாவம் என்று நினைத்துத் திரும்பவும் கழுத்து வரை நிரப்பினால் அந்த வேர் மூழ்கிச் செடி சாகும். விடுவதென்றால் கொஞ்சம் விடுங்கோ, இடைவெளியை விட்டுவிடுங்கோ.

கறிவேப்பிலையில் தொடங்காதேங்கோ. அது மரம், மெதுவாக வளரும், பிழை நடந்து மாதக்கணக்கில் போன பிறகுதான் காட்டும். வல்லாரை ஈர நிலத்துக் கொடி, புதினாவும் அப்படித்தான். அவை பிழையைச் சீக்கிரம் காட்டும், திருத்தினால் சீக்கிரம் மன்னிக்கும்.

எந்த வரிசையில் பார்ப்பது

வேலையில் நெட்வொர்க் இல்லை என்று டிக்கெட் வந்தால் முதலில் கேபிள் குத்தியிருக்கா என்று பார்ப்போம், ரவுட்டரை மாற்ற மாட்டோம். அதே மாதிரி, மலிவான சோதனை முதலில்:

1. தண்ணியில் விரல், பிறகு வெப்பமானி.
2. வேரை வெளியில் எடுத்து நிறம், இறுக்கம், மணம்.
3. பம்ப் ஓடுகிறதா என்று காதால், காற்றுக் குமிழி கண்ணால்.
4. லைட் எவ்வளவு உயரம், எத்தனை மணித்தியாலம்.
5. பி.எச்.
6. இ.சி.
7. இவை ஆறும் சரி என்றால் மட்டும் சத்துக் குறைபாடு.

பெரும்பாலான ஆட்கள் ஏழில் தொடங்குகிறார்கள், ஏனென்றால் கடையில் விற்பது ஏழாவது. ஒரு மாற்றம் செய்தால் அடுத்த மாற்றத்துக்கு நாலைந்து நாள் பொறுங்கோ. திகதி போட்டுக் கொப்பியில் எழுதுங்கோ. என் பழைய குறிப்பில் "ஒக். 20, தரை சூடு தொடங்கியது" என்று ஒரு வரி இருந்திருந்தால் மூன்று கிழமை மிச்சம்.

மறுபக்கம்

இந்தப் பெட்டிகளை நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. லைட்டையும் டைமரையும் பம்பையும் சேர்த்து ஒரு அழகான சாமானாகத் தந்ததால்தான் அம்மா மாதிரி ஆட்கள் தொடங்கவே செய்தார்கள். எல்லாரும் பி.எச். அளக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது. ஜன்னலோரம் நாலு துளசி வளர்க்க மீட்டர் வேண்டாம்.

ஆனால் "ஸ்மார்ட்" என்று பெயர் வைத்தால், தண்ணியின் வெப்பத்தை அளக்கும் சின்ன சென்சர் ஒன்றாவது உள்ளே இருக்க வேண்டும். அது சில குரோனர் சாமான். அது இல்லை என்றால், "எல்லாம் சரி" என்று பச்சை டிக் போடாமல் "தண்ணி மட்டம் சரி, வேறொன்றும் எனக்குத் தெரியாது" என்றாவது காட்ட வேண்டும். மென்பொருள் செய்கிற எங்களுக்கும் இது பொருந்தும். நாங்கள் பச்சை போடும் இடமெல்லாம், பிழையை மறுமுனையில் இருக்கும் ஆளின் தலையில் போடுகிறோம்.

ஆப்பில் முழுதாகத் தங்கியிருப்பதில் இன்னொரு சிக்கல். வீட்டுத் தோட்டப் பெட்டியில் மிகப் பெயர்பெற்ற ஏரோகார்டன், 2025 ஜனவரி 1 உடன் வியாபாரத்தை நிறுத்துவதாக 2024 ஒக்டோபரில் அறிவித்தது. அந்தச் செய்தி வந்த அன்று, தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர் எந்தக் கடையிலும் சத்து வாங்கலாம் என்று இருந்திருப்பார். விதைக் குப்பியையும் ஆப்பையும் மட்டும் தெரிந்தவருக்கு அந்த நிம்மதி இருந்திருக்காது.

இது ஒன்றும் புதுத் தொழில்நுட்பமும் இல்லை. கலிபோர்னியாவில் ஹோக்லண்டும் ஆர்னனும் 1938இலேயே கரைசல் செய்முறையை வெளியிட்டார்கள். மண்ணில்லாப் பயிர் பற்றி அப்போது பத்திரிகைகளில் வந்த பெரிய பெரிய கதைகளையும் அதில் தணித்தே எழுதினார்கள். இந்தியாவில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் 1940களில் காலிம்பொங்கில் சரளையும் மணலும் உலர் உப்பும் வைத்து, சாதாரண ஆட்களுக்கு ஏற்ற ஒரு முறையை உருவாக்கி, 1951இல் "வங்காள முறை" என்று புத்தகமாகப் போட்டார். அவரிடம் ஆப் இருக்கவில்லை.

இப்போது பெட்டி முக்காலியில்தான் இருக்கிறது. அந்த ஒரு கணுவில் இருந்து வந்த வல்லாரை ஆறு துளையைப் பிடித்துவிட்டது. அம்மா காலையில் மூடியைத் திறந்து, விரலை விட்டு, மணந்து பார்த்து, ஃபிரிட்ஜில் ஒட்டின காகிதத்தில் இலக்கம் எழுதுவா. கோபன்ஹேகனில் இருந்து நான் போன் எடுத்தால், ஆப் என்ன சொல்லுது என்று நான் இப்போது சொல்வதில்லை. "இண்டைக்கு எத்தனை பாகை?" என்று கேட்கிறேன்.

படங்கள் அனுப்பினவர்களுக்கு: அடுத்தமுறை இலையின் படத்தோடு தண்ணியின் வெப்பம், பி.எச்., இ.சி., லைட்டின் உயரம், எந்த ஊர்த் தண்ணி என்பதையும் எழுதுங்கோ. முடிந்தால் வேரின் படமும். மீட்டர் இல்லாவிட்டால் விரலை விட்டுப் பார்த்துச் சொன்னாலும் போதும், அதில் இருந்து தொடங்கலாம்.